கோப்பு வந்துவிட்டது, கணினி வரவில்லை

திருப்பூரில் ஒரு நூல் கடை. கடையின் பில், இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரு விண்டோஸ் 10 மெய்நிகர் கணினிக்குள் இருந்தன. அந்த மெய்நிகர் கணினி முதலாளியின் மேசைக்கடியில் இருந்த சாதாரண டெஸ்க்டாப்பில், விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளுக்குள், நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குப் புதிதாக ஒரு சிறிய சர்வர் வாங்கினார்கள். அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளை நிறுவி, சனிக்கிழமை கடை அடைத்த பிறகு கணினியை அங்கே மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வட்டுக் கோப்பு நகலாகி முடிந்தது. இரண்டு பக்கமும் சரிகூட்டலை (செக்சம்) ஒத்துப்பார்த்தேன். ஒரு பைட் கூடக் குறையவில்லை. இயக்கினேன். விண்டோஸ் சின்னம் தோன்றியது, புள்ளிகள் இரண்டு சுற்றுச் சுற்றின, நீலத்திரை வந்து நின்றது. பக்கத்தில் நின்றிருந்த முதலாளி கேட்டார்: "ஏனுங்க தம்பி, திங்கக்கெழம காத்தால பில்லு போட்ரலாமுங்களா?"

கோப்பு முழுசாக வந்திருந்தது. கணினிதான் வரவில்லை. டெஸ்க்டாப்பிலிருந்து சர்வருக்கு மெய்நிகர் கணினியை மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். நின்றவுடன் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: மறுபடியும் நகலெடுப்பது. இரண்டு மணி நேரம் போகும், அதே நீலத்திரை திரும்ப வரும். இந்த வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை, பழுது தலைகாட்டுவது சேரும் இடத்தில்; அதற்கான மருந்து பெரும்பாலும் புறப்பட்ட இடத்தில் இருக்கிறது. அது ஏன் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

"மெய்நிகர் கணினி என்பது ஒரு கோப்பு. கோப்பை எங்கே கொண்டுபோனாலும் கணினி அங்கே ஓடும்." இப்படிச் சொல்லித்தான் இந்தத் தொழில்நுட்பத்தை நமக்கு அறிமுகப்படுத்தினார்கள். இதில் பாதிதான் உண்மை. 1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர் எழுதிய ஆய்வுரைதான் இந்தத் துறையின் இலக்கணம் என்று இன்றும் கருதப்படுகிறது. மெய்நிகர் கணினியை நடத்தும் மென்பொருளுக்கு மூன்று இலட்சணங்களை அவர்கள் வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல் நிஜக் கணினியில் ஓடுவது போலவே ஓட வேண்டும். வளங்கள் முழுவதும் மேலாண்மை மென்பொருளின் பிடியில் இருக்க வேண்டும். கட்டளைகளில் மிகப் பெரும்பான்மை நேரடியாகச் செயலியிலேயே ஓட வேண்டும். இந்த மூன்றில் எதுவும், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு ஒரே மாதிரியான கணினியைக் காட்டும் என்று சொல்லவில்லை. செயலி ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆனால் வட்டைப் பிடித்திருக்கும் கட்டுப்படுத்தி, வலையமைப்பு அட்டை, தொடக்க நிரல், கடிகாரம் என எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி செய்துகொண்டார்கள். எனவே கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, ஒரு கணினியின் வட்டைக் கழற்றி வேறு மதர்போர்டில் மாட்டுவதற்குச் சமம். அப்படி மாட்டினால் என்னென்ன வரும் என்று மெக்கானிக்குகளுக்குத் தெரியும். இங்கேயும் அவையே வருகின்றன.

ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருள்களுக்கு இடையில்கூட இந்தப் பிளவு உண்டு. விஎம்வேர் 1998இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே டெஸ்க்டாப்புக்கான ஒர்க்ஸ்டேஷன் வந்தது. சர்வருக்கான இஎஸ்எக்ஸ் 2001இல் வந்தது. முன்னது விண்டோஸ் அல்லது லினக்ஸின் மேல் உட்கார்ந்து, அதன் கோப்பு முறைமையில் தன் வட்டை ஒரு சாதாரணக் கோப்பாக வைத்துக்கொள்கிறது. பின்னது இரும்பின் மேல் நேரடியாக உட்கார்ந்து, விஎம்எஃப்எஸ் என்ற தன் சொந்தக் கோப்பு முறைமையை வைத்திருக்கிறது. இரண்டிலும் வட்டுக் கோப்பின் பெயர் விஎம்டிகே என்றே முடியும். பெயர் ஒன்று, உள்ளமைப்பு வேறு. டெஸ்க்டாப்பில் அது எழுத எழுத வளரும் கோப்பாகவும், வழக்கமாக 2 ஜிபி துண்டுகளாகவும் இருக்கும். சர்வர் எதிர்பார்ப்பது ஒரு சின்ன விளக்கக் கோப்பும் அதன் பக்கத்தில் ஒரே தட்டையான தரவுக் கோப்பும்.

ஆகவே பழுது பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கணினி எந்த வாசலில் நின்றுவிட்டது என்பதுதான். சர்வர் கோப்பையே ஏற்கவில்லையா? ஏற்று, தொடங்கவில்லையா? தொடங்கி, வலையமைப்பில் வரவில்லையா? எல்லாம் வந்து, சில நாள் கழித்து முரண்டுபிடிக்கிறதா? வாசல் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் கால்பங்காகச் சுருங்கிவிடும்.

முதல் வாசலில் நிற்கிறவர்களில் பலர் பார்க்கும் செய்தி, 'ஆதரிக்கப்படாத அல்லது செல்லாத வட்டு வகை 7' என்பது. ஒர்க்ஸ்டேஷன் கோப்புறையை அப்படியே சர்வரின் சேமிப்பகத்துக்கு ஏற்றி, பதிவு செய்து, இயக்கும்போது இது வரும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பதற வேண்டியதில்லை. சர்வர் சொல்வது இவ்வளவுதான்: இது டெஸ்க்டாப் வகை வட்டு, முதலில் என் வகைக்கு மாற்று. இஎஸ்எக்ஸின் இன்றைய வடிவமான இஎஸ்எக்ஸ்ஐயின் கட்டளை வரியில் விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் என்ற கருவியைக் கொண்டு வட்டைப் புதுப் பெயரில் நகலெடுத்தால் அது சர்வர் வகையாகிவிடும். வட்டு துண்டுதுண்டாக இருந்தால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. துண்டுகளைச் சேர்த்துப் படிக்கும் உள்தொகுதி 5.1 பதிப்பிலிருந்து தானாக ஏற்றப்படுவதில்லை. அதைக் கையால் ஏற்றிய பிறகே நகலெடுக்க முடியும். இதையெல்லாம் நள்ளிரவில் சர்வர் முன் உட்கார்ந்து செய்வதைவிட, டெஸ்க்டாப்பிலேயே ஒர்க்ஸ்டேஷனோடு வரும் வட்டு மேலாளர் கருவியால் சர்வர் வகைக்கு மாற்றியிருக்கலாம். அல்லது கோப்புறையைத் தொடாமல், ஒர்க்ஸ்டேஷனின் உள்ளிருந்தே சர்வரோடு இணைந்து பதிவேற்றியிருக்கலாம். 2011இல் வந்த 8ஆம் பதிப்பிலேயே அந்த வசதி இருக்கிறது. வட்டு மாற்றத்தை அது தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது வன்பொருள் பதிப்பு எண். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தன் நெற்றியில் ஒரு எண்ணை எழுதிவைத்திருக்கும். ஒர்க்ஸ்டேஷன் 15இல் புதிதாக உருவாக்கிய கணினிக்கு அந்த எண் 16. ஒர்க்ஸ்டேஷன் 16இல் 18, 17இன் முதல் வெளியீட்டில் 20. இஎஸ்எக்ஸ்ஐ பக்கம், முதல் வெளியீட்டுக் கணக்குப்படி, 6.5 பதிப்பு 13 வரை ஏற்கும், 6.7 பதிப்பு 14 வரை, 7.0 பதிப்பு 17 வரை, 8.0 பதிப்பு 20 வரை. அலுவலக சர்வர்கள் பெரும்பாலும் பழைய பதிப்பில் இருக்கும். வேலை செய்கிறவரின் டெஸ்க்டாப் புதிதாக இருக்கும். எனவே மோதல் சகஜம். அமைப்புக் கோப்பைத் திறந்து எண்ணை அடித்துத் திருத்துகிறவர்கள் உண்டு. சில சமயம் ஓடியும்விடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் உயர்ந்த எண்ணுக்குரிய சாதனங்கள் அந்த அமைப்புக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஒர்க்ஸ்டேஷனில் 'பொருந்துதன்மையை மாற்று' என்ற வழி இருக்கிறது. புறப்படும் முன் அதை ஒருமுறை அழுத்தி எண்ணை இறக்கிவிட்டால் இந்தப் பழுதே எழாது.

விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து இஎஸ்எக்ஸ்ஐக்குப் போகிறவர்கள் வேறொரு செய்தியைப் பார்ப்பார்கள்: 'விர்ச்சுவல்பாக்ஸ்-2.2 என்ற வன்பொருள் குடும்பம் ஆதரிக்கப்படவில்லை'. இங்கே ஓவிஎஃப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெய்நிகர் கணினிகளை நிறுவனங்களுக்கு இடையே கொண்டுபோக ஒரு பொது வடிவம் வேண்டும் என்று டெல், எச்பி, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், விஎம்வேர், ஜென்சோர்ஸ் ஆகியவை 2007இல் சேர்ந்து முன்மொழிந்தன. 2009இல் முதல் பதிப்பு வெளிவந்தது. 2011இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. வட்டுக் கோப்பும், கணினியின் விவரத்தைச் சொல்லும் ஒரு உரைக் கோப்பும், இரண்டின் சரிகூட்டலைச் சொல்லும் இன்னொரு கோப்பும் சேர்ந்தது ஓவிஎஃப். இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டினால் ஓவிஏ. விவரத்தை எழுதும் முறையைத்தான் தரம் வகுத்தது. எழுதப்படும் வன்பொருளை எதிர்ப்பக்கம் அறிந்திருக்க வேண்டும் என்று எந்தத் தரத்தாலும் கட்டாயப்படுத்த முடியாது. மூட்டையைப் பிரித்து, உரைக் கோப்பில் வன்பொருள் குடும்பத்தின் பெயரை விஎம்வேரின் பெயராக மாற்றி, சாட்டா கட்டுப்படுத்தி இருக்கும் பகுதியை ஸ்கசி கட்டுப்படுத்தியாகத் திருத்தினால் சர்வர் ஏற்றுக்கொள்ளும். உரைக் கோப்பில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் சரிகூட்டல் பொய்யாகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சரிகூட்டல் கோப்பைப் புதிதாகக் கணக்கிட வேண்டும், அல்லது நீக்கிவிட வேண்டும்.

இந்த வாசலில் நிற்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஸ்னாப்ஷாட்டுகள் எடுத்திருந்தால் வட்டு ஒரு சங்கிலியாக இருக்கும். அடித்தள வட்டை மட்டும் எடுத்துப்போனால் முதல் ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடுவீர்கள். பிந்தைய மாதங்களின் கணக்கு எல்லாம் சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகளில் இருக்கும். ஆகவே எல்லா ஸ்னாப்ஷாட்டையும் ஒன்றாக்கிய பிறகே புறப்பட வேண்டும். பென்டிரைவில் கொண்டுபோகிறவர்கள் அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும்: ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. விண்டோஸ் 11க்காக மெய்நிகர் டிபிஎம் சேர்த்த ஒர்க்ஸ்டேஷன் கணினி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். டிபிஎம்மை நீக்கி, மறையாக்கத்தை எடுக்காமல் அதை ஏற்றுமதி செய்ய முடியாது.

இரண்டாவது வாசல்தான் பெரிய வாசல். திருப்பூரில் நான் நின்றதும் அங்கேதான். நீலத்திரையின் அடியில் இருந்த செய்தி, தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்பது. விண்டோஸ் உலகில் 7பி பிழை என்றால் எல்லோருக்கும் தெரியும். இதன் காரணத்தை விண்டோஸின் பக்கமிருந்து பார்த்தால் எளிதாக விளங்கும். இயங்குதளத்தின் கரு முதலில் நினைவகத்துக்கு வருகிறது. அதுவரை வட்டைப் படித்துக் கொடுத்தது தொடக்க நிரல். அதன் பிறகு வட்டைத் தானே படிக்க வேண்டும். அதற்கு அந்த வட்டின் கட்டுப்படுத்திக்கான இயக்கி வேண்டும். நான்கு வருடமாக விண்டோஸ் பார்த்தது சாட்டா கட்டுப்படுத்தி. நான் புதிய சர்வரில் வட்டை விர்ட்ஐஓ வகையாக மாட்டியிருந்தேன். விர்ட்ஐஓ வேகமானது. மெய்நிகர் கணினிக்கென்றே ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்து 2008 வாக்கில் லினக்ஸில் நிலைபெற்றது. ஆனால் விண்டோஸ் நிறுவலோடு அதன் இயக்கி வருவதில்லை. வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே நின்று கதவைப் பூட்டியது போல ஆகிவிட்டது: இயக்கியை நிறுவ விண்டோஸ் தொடங்க வேண்டும், விண்டோஸ் தொடங்க இயக்கி வேண்டும்.

வழி எளிது. வட்டைக் கழற்றி, பழையபடி சாட்டா வகையாக மாட்டினேன். விண்டோஸ் எழுந்துகொண்டது. பிறகு 1 ஜிபி அளவில் ஒரு வெற்று வட்டை விர்ட்ஐஓ வகையாகக் கூடுதலாக மாட்டினேன். விர்ட்ஐஓ இயக்கிகள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மெய்நிகர் சிடி டிரைவில் போட்டு இயக்கியை நிறுவினேன். அந்த வெற்று வட்டு விண்டோஸின் கண்ணுக்குத் தெரிந்தவுடன், தொடக்கத்திலேயே இந்த இயக்கியை எழுப்ப வேண்டும் என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது. பிறகு நிறுத்தி, வெற்று வட்டை எடுத்துவிட்டு, உண்மையான வட்டை விர்ட்ஐஓவுக்கு மாற்றி இயக்கியபோது கணினி தங்குதடையின்றி வந்தது. மொத்தம் இருபது நிமிடம். இந்த வெற்று வட்டு உபாயம் மட்டும் தெரியாமல், விண்டோஸை மறுபடி நிறுவி, இரண்டு நாள் கடையை மூடிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

லினக்ஸிலும் இதே கதைதான், நடக்கும் இடம் மட்டும் வேறு. லினக்ஸ் கருவில் விர்ட்ஐஓ இயக்கி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கரு எழும்போது முதலில் ஏறும் சின்ன நினைவகக் கோப்பு முறைமையில், அதாவது இனிட்ராம்எஃப்எஸ்ஸில், அது இருந்தாக வேண்டும். ரெட்ஹாட், சென்ட்ஓஎஸ் 7 முதல் அந்தக் கோப்பைக் கட்டும் ட்ராகட் என்ற கருவி, இந்தக் கணினிக்கு என்ன தேவையோ அதை மட்டும் வைத்துக் கட்டுகிறது. டெபியன், உபுண்டு இரண்டிலும் பெரும்பாலான இயக்கிகளைச் சேர்த்தே கட்டுவது இயல்பு வழக்கம். அதனால்தான் ஒரே சர்வருக்கு மாற்றிய உபுண்டு சிரமமின்றி எழுந்துகொள்கிறது, பக்கத்தில் சென்ட்ஓஎஸ் அவசர முனையில் விழுந்து கிடக்கிறது. பதற வேண்டாம். தொடக்கப் பட்டியலில் 'மீட்பு' என்று ஒரு வரி இருக்கும். அதில் எல்லா இயக்கிகளும் உண்டு. அதன் வழியாக உள்ளே போய், இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டினால் போதும். வட்டின் பெயர் மாறுவதும் ஒரு காரணம்: எஸ்டிஏ என்று இருந்த வட்டு விர்ட்ஐஓவில் விடிஏ ஆகிவிடும். கோப்பு முறைமைப் பட்டியலில் பெயரால் எழுதியிருந்தால் சிக்கல். யூயூஐடி எண்ணால் எழுதியிருந்தால் எந்தப் பெயர் வந்தாலும் கவலையில்லை.

'தொடங்கக்கூடிய சாதனம் இல்லை' என்று வெறும் கருப்புத் திரையில் வந்தால் அது இயக்கிச் சிக்கல் ஆகாது. கரு வரும் முன்னரே நின்றுவிட்டது என்று பொருள். பழைய பயாஸ் முறையில் நிறுவிய கணினியை யூஇஎஃப்ஐ முறையில் எழுப்பப் பார்க்கிறீர்கள், அல்லது அதன் தலைகீழ். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் இதற்குத் தலைமுறை 1, தலைமுறை 2 என்று பெயர். கணினி உருவான பிறகு அங்கே தலைமுறையை மாற்ற முடியாது. மாற்றப்போகும் கணினி எந்த முறை என்று டெஸ்க்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்து எழுதிக்கொள்ள அரை நிமிடம் ஆகும்; விண்டோஸின் கணினித் தகவல் திரையிலேயே இருக்கிறது. யூஇஎஃப்ஐ சரியாகத் தேர்ந்தும் எழவில்லை என்றால், தொடக்கப் பதிவு பழைய கணினியின் நிலைநினைவகத்தில் தங்கிவிட்டது என்று பொருள். அந்த நினைவகம் வட்டோடு பயணிப்பதில்லை. விண்டோஸ் பொது இடத்திலும் ஒரு தொடக்கக் கோப்பை வைத்திருப்பதால் தப்பித்துக்கொள்ளும். டெபியன் இயல்பாக அப்படி வைப்பதில்லை. யூஇஎஃப்ஐ பட்டியலுக்குள் போய்க் கோப்பைக் கையால் காட்ட வேண்டும். பிட்லாக்கர் பூட்டிய வட்டாக இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் எங்கே என்று அப்போது தேடினால் கிடைக்காது. புறப்படும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்திவிட வேண்டும், எண்ணையும் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாசல் வலையமைப்பு. இங்கே கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் கிடைக்காது. டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் நாட் முறையில் ஓடியிருப்பார்கள். அந்தக் கணினி வெளியே போகும், வெளியிலிருந்து யாரும் அதற்குள் வர முடியாது, ஐபி முகவரியும் டெஸ்க்டாப்புக்குள்ளேயே பிறந்தது. சர்வரில் அது நேரடியாக அலுவலக வலையில் நிற்கிறது. முகவரி மாறித்தான் ஆக வேண்டும். லினக்ஸில் அட்டையின் பெயரே மாறிவிடும்: ஒர்க்ஸ்டேஷனில் இஎன்எஸ்33, இஎஸ்எக்ஸ்ஐயின் விஎம்எக்ஸ்நெட்3 அட்டையில் இஎன்எஸ்160, விர்ச்சுவல்பாக்ஸில் இஎன்பி0எஸ்3, ப்ராக்ஸ்மாக்ஸில் இஎன்எஸ்18. அமைப்புக் கோப்பில் பழைய பெயர் இருப்பதால் புதிய அட்டைக்கு முகவரி கிடைப்பதில்லை. விண்டோஸில் வேறு விதம். முகவரியைப் பதிக்கப்போனால், இந்த முகவரி இன்னொரு அட்டைக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும். அந்த இன்னொரு அட்டை கண்ணுக்குத் தெரியாது. பழைய டெஸ்க்டாப்பின் அட்டை போய்விட்டாலும் அதன் பதிவு உள்ளே ஆவியாக உலவிக்கொண்டிருக்கும். சாதன மேலாளரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் அந்த அட்டையை நீக்கினால் முகவரி விடுதலையாகும்.

மேக் முகவரியும் கவனிக்க வேண்டியது. விர்ச்சுவல்பாக்ஸ் தன் அட்டைகளுக்கு 08:00:27 என்று தொடங்கும் எண்ணைத் தரும். லினக்ஸின் மெய்நிகராக்கமான கேவிஎம் உலகில் வழக்கமாக 52:54:00. ரவுட்டரில் மேக் எண்ணுக்கு முகவரி ஒதுக்கியிருந்தால், அல்லது மென்பொருள் உரிமம் அந்த எண்ணோடு பிணைந்திருந்தால், பழைய எண்ணையே புதிய அட்டைக்குக் கையால் எழுதிக் கொடுக்கலாம். விஎம்வேரில் கோப்பை முதல்முறை திறக்கும்போது 'நகர்த்தினேன்' என்பதா 'நகலெடுத்தேன்' என்பதா என்று கேட்கும். பலர் இதைச் சடங்காக நினைத்து ஏதோ ஒன்றை அழுத்துகிறார்கள். நகர்த்தினேன் என்றால் அடையாளங்கள் நிற்கும். நகலெடுத்தேன் என்றால் மேக் எண்ணும் கணினி அடையாளமும் புதிதாகிவிடும்.

இந்த மூன்று வாசலையும் தாண்டிய பிறகு வரும் பழுதுகளே என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை. அவை பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் வருகின்றன. திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கடையில் போட்ட முதல் பில்லில் நேரம் 4:30 என்று அச்சாகியிருந்தது. வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வர் அதற்குக் காட்டியது கிரீன்விச் நேரத்தை ஒட்டிய உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வேறுபாடு. ப்ராக்ஸ்மாக்ஸில் இயங்குதள வகையை விண்டோஸ் என்று நான் சரியாகக் குறித்திருந்தால் அது தானே உள்ளூர் நேரத்தைக் கொடுத்திருக்கும். நேரப் பிழை பில்லோடு நின்றுவிடுவதில்லை. விண்டோஸ் டொமைனில் நுழைவுச் சோதனை ஐந்து நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது. நேரம் தவறினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது.

"பழைய டெஸ்க்டாப்பிலேயே வேகமா இருந்துச்சே" என்பது அடுத்த புகார். அது பொய்யில்லை. டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி இருந்திருக்கும். சர்வரில் சுழலும் வட்டுகளை ரெய்டில் அடுக்கியிருப்பார்கள். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் வட்டு ஒன்று, சிதறிய இடங்களிலிருந்து நொடிக்குச் சுமார் நூறு முறைதான் படிக்கும். சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை படிக்கும். சர்வர் என்ற பெயர் வேகத்துக்கு உத்தரவாதம் தராது. செயலி எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு: நான்கு செயலிகளை நான்கு தனித்தனி சாக்கெட்டுகளாகக் கொடுத்தால், விண்டோஸ் 10 ப்ரோ இரண்டை மட்டுமே பயன்படுத்தும், ஹோம் பதிப்பு ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஒரே சாக்கெட்டில் நான்கு கோர்கள் என்று அமைத்தால் நான்கும் கிடைக்கும்.

இனிக் கருவிகள். விஎம்வேரிலிருந்து விஎம்வேருக்குப் போகிறவர்கள் ஒர்க்ஸ்டேஷனின் பதிவேற்ற வசதியையோ ஓவிஎஃப் கருவியையோ பயன்படுத்துவதே நல்லது. கோப்புறையைக் கையால் நகலெடுப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற கேவிஎம் பக்கம் போகிறவர்களுக்கு க்யூஎமுவின் வட்டு மாற்றுக் கருவி பெரும்பாலான வடிவங்களைப் படிக்கும், எழுதும். விஎம்டிகே, விடிஐ, விஎச்டிஎக்ஸ் எதுவானாலும் க்யூகவ்2 ஆக்கித் தரும். ஆனால் அது வடிவத்தை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாது. ரெட்ஹாட்டின் விர்ட்-வி2வி ஒருபடி மேலே போகிறது: வட்டைத் திறந்து, இயங்குதளம் எது என்று பார்த்து, விண்டோஸுக்கு விர்ட்ஐஓ இயக்கியை உள்ளேயே வைத்து, லினக்ஸுக்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டிவிடுகிறது. என் மதிப்பீட்டில் இந்தத் துறையில் மிகவும் அறிவோடு எழுதப்பட்ட கருவி அதுதான். இன்னும் பலருக்கு அதன் பெயரே தெரியாமல் இருப்பது வருத்தம். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தியதும் சிறு அலுவலகங்கள் பலவும் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் திரும்பின. அந்த ஆண்டே இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யும் வழிகாட்டியை ப்ராக்ஸ்மாக்ஸ் சேர்த்தது. 2025 ஏப்ரலில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் போனவர்களுக்கு இயக்கி, தொடக்கமுறை, வலை அட்டை ஆகிய மூன்றும் இன்னும் அன்றாடச் சிக்கல்களாகவே இருக்கின்றன.

மாற்றவே வேண்டாம், புதிதாக நிறுவித் தரவை மட்டும் கொண்டுபோகலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அமைப்பு முறைகள் எழுத்தில் இருக்கும் லினக்ஸ் சர்வர்களுக்கு அது நல்ல வாதம். நானும் அப்படியே செய்கிறேன். ஆனால் நிறுவல் சிடி தொலைந்துபோன, எழுதியவர் வேலையை விட்டுப்போன ஒரு பில் மென்பொருளுக்கு அந்த வாதம் பொருந்தாது. நம் ஊர்க் கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அவர்களுக்கு அந்த வட்டுக் கோப்புதான் சொத்து.

ஆகவே, முந்தின நாள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணினி பழைய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்னாப்ஷாட்டுகளை ஒன்றாக்குங்கள். புதிய இடத்துக்கான இயக்கியை அங்கேயே நிறுவுங்கள். பயாஸா யூஇஎஃப்ஐயா, முகவரி என்ன, மேக் எண் என்ன, வட்டு எந்தக் கட்டுப்படுத்தியில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்குப் போவதாக இருந்தால் விஎம்வேர் டூல்ஸையோ விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்களையோ நீக்கிவிடுங்கள். அவை புதிய இடத்தில் ஓட மாட்டா; விஎம்வேர் டூல்ஸை அங்கே நீக்குவதும் கடினம். விண்டோஸை முழுமையாக நிறுத்துங்கள். வேகத் தொடக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் சாதாரண நிறுத்தம் பாதி உறக்கமாகவே இருக்கும். நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 100 ஜிபி வட்டு ஜிகாபிட் கம்பியில் கால்மணி நேரம், பழைய 100 மெகாபிட் சுவிட்சில் இரண்டரை மணி நேரம்.

இத்தனை செய்தும் அந்தக் கடையில் ஒன்றை நான் கோட்டைவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை கடைப் பையன் வழக்கம்போல மேசைக்கடியில் இருந்த டெஸ்க்டாப்பின் பொத்தானை அழுத்தினான். நான்கு வருடப் பழக்கம் அது. விர்ச்சுவல்பாக்ஸ் தானாக எழும்படி அமைத்திருந்ததை நான் நிறுத்தவில்லை. ஒரே பெயரில் இரண்டு கணினிகள் எழுந்தன. மதியம் வரை முன்மேசையின் பில்கள் ஒன்றில் ஏறின, கிடங்கின் பில்கள் இன்னொன்றில் ஏறின. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் கருவி உலகில் கிடையாது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து கடைக் கணக்கரும் நானும் உட்கார்ந்து, முப்பத்தேழு பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் ஏற்றினோம். பிழை முழுக்க என்னுடையது. அந்தப் பையனுடையது இல்லை.

அன்றிலிருந்து மாற்றம் முடிந்ததும் பழைய கணினியின் வலைக் கம்பியைக் கழற்றி, தானாக எழும் அமைப்பை நிறுத்தி, வட்டுக் கோப்பின் பெயரை மாற்றிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் அந்தக் கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். திருப்பூர்க் கடையின் பழைய வட்டுக் கோப்பை, அடுத்த மாத ஜிஎஸ்டி கணக்கு ஏறி முடிந்த மறுநாள்தான் அழித்தோம்.